கூட வந்தவை

இல்லை அண்ணாச்சி, ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள். எனக்கு வேடிக்கை பார்க்கத் தோன்றவில்லை. இந்தப் பக்கத்தில் பெரியவர்களை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பியூலா அக்கா சொல்லியிருக்கிறார். சரிதானே? எனக்கு ஊர் பென்னாகரம் பக்கம், தர்மபுரி மாவட்டம். அங்கே அண்ணா என்போம், கொஞ்சம் பயமிருந்தால் சார் என்போம். பஸ் நாசரேத் வந்தால் சொல்லுங்கள். நீங்களும் அங்கேதான் இறங்குகிறீர்களா? நல்லதாகப் போயிற்று.

சொந்தக்காரர் வீடு இல்லை. கூட வேலை பார்த்தவர். அந்தப் பியூலா அக்காவைத்தான் பார்க்கப் போகிறேன். அவரிடம் ஒரு பொருள் இருக்கிறது. பொருள் என்றால் கையில் பிடிக்கிற பொருள் இல்லை, கம்ப்யூட்டரில் இருப்பது. அதை வாங்கிக்கொண்டு சாயங்காலமே கிளம்பிவிடுவேன். கிடைத்தால் எனக்கு வேலை நிரந்தரமாகும். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையோடு அனுப்பிவிடுவார்கள். மேனேஜர் முரளிதர் சார் அப்படி உடைத்துச் சொல்லவில்லை. "பாத்துக்கோ ஏழுமலை" என்று மட்டும் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது.

பயமா? தெரியவில்லை அண்ணாச்சி. கொஞ்ச நாளாகவே எனக்கு எதுவும் தெரிவதில்லை. சாப்பிட்டால் வயிறு நிறைகிறது, என்ன சாப்பிட்டேன் என்பது நினைவில் இல்லை. அம்மா போனில் பேசினால் எல்லாவற்றுக்கும் சரி சரி என்கிறேன். பல்லுக்கு ஊசி போட்டால் கன்னம் மரத்துப் போகுமே, தொட்டால் யாரோ ஒருவருடைய கன்னம் மாதிரி இருக்குமே, அப்படி. வலி இல்லை. அதனால் பரவாயில்லை.

என்ன வேலை என்று கேட்டீர்கள். கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி. ரத்தப் பரிசோதனை செய்கிற லேப்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து ஒரு சின்னக் குழாயில் விடுவார்களே, அந்தக் குழாய் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். பெயர், வயது, கீழே கோடு கோடாக ஒன்று. அந்த ஸ்டிக்கரை அடி என்று பிரிண்டருக்குச் சொல்வது எங்கள் புரோகிராம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதில் நாங்களாக எழுதியது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் உலகத்தில் யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருப்பது. பேக்கேஜ் என்போம். தேவையானதை எடுத்து உள்ளே வைத்துக்கொள்வோம். எல்லாக் கம்பெனியும் அப்படித்தான்.

உங்கள் வீட்டில் கல்யாணம் நடந்திருக்கிறதா? பெண்ணுக்கா? சமையலுக்கு யாரைப் பேசினீர்கள்? பார்த்தீர்களா, ஒரு மாஸ்டரைப் பேசினேன் என்கிறீர்கள். நீங்கள் பேசியது மாஸ்டரை. காய் நறுக்க, தேங்காய் துருவ, இலை போட என்று அவர் பின்னால் ஒரு கூட்டம் வந்திருக்கும். அவர்கள் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. எங்கள் தொழிலில் மாஸ்டர் டைரக்ட். நாமே கூப்பிட்டது. காய் நறுக்குகிறவர் இன்டைரக்ட். கூட வந்தது. மாஸ்டர் வேண்டாம் என்றால் அவரோடு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ஆனால் நடுவில் நீங்கள் காய் நறுக்குகிறவரிடமே போய், "ஏம்ப்பா, எனக்கு மட்டும் ஒரு சுக்குக் காப்பி போட்டுக் குடு" என்று கேட்டுக் குடித்துப் பழகிவிட்டீர்கள் என்று வையுங்கள். அப்போது அவரும் டைரக்ட். அவர் பெயரைத் தனியாக எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்காவிட்டால், மாஸ்டரை மாற்றுகிற அன்றைக்குக் காப்பி இருக்காது. ஏன் இல்லை என்றும் யாருக்கும் தெரியாது.

இவ்வளவுதான் விஷயம். இதை யாரிடம் சொன்னாலும் புரியும். எங்கள் ஆபீஸில்தான் புரியவில்லை.

சென்ற ஆடி மாதம் அந்த லேப் கம்பெனிக்காரர்கள் ஒன்று கேட்டார்கள். உங்கள் புரோகிராமில் என்னென்ன பேக்கேஜ் இருக்கிறது, எது நீங்களே கொண்டுவந்தது, எது கூட வந்தது, பிரித்துக் கொடுங்கள், நீங்களே கொண்டுவந்த ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று பெயர் போடுங்கள் என்றார்கள். எங்கேயோ ஒரு பேக்கேஜில் திருடன் புகுந்து பல கம்பெனிகளில் தகவல் போய்விட்டதாம், அந்தப் பயம். யாருக்கும் பிடிக்காத வேலை. எங்கள் டீம் லீட் தினகர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "செவன் ஹில்ஸ் இருக்காரே, அவர் பார்த்துப்பார்" என்றார். என் பெயர் ஏழுமலை, அதனால் செவன் ஹில்ஸ். ஒருமுறை பியூலா அக்கா தினகர் பெயரையும் அப்படியே இங்கிலீஷாக்கி அவரிடம், "அப்ப உங்களை என்ன சொல்லிக் கூப்பிட, டே மேக்கர்னா?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு கொஞ்ச நாள் தினகர் என்னை ஒழுங்காகக் கூப்பிட்டார். அது வேறு.

நான் அந்த வேலையை ஒழுங்காகச் செய்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா லாரியில் லோடு ஏற்றுகிறவர். எனக்கு யாரும் எதையும் பழக்கித் தரவில்லை, அதனால் எந்த வேலை கொடுத்தாலும் விதி என்னவென்று முதலில் பார்த்துவிடுவேன். விதி தெரிந்தால் பயம் இல்லை. இங்கே விதி சுலபம். நாமாக எழுதிய புரோகிராம் அதை நேராகக் கூப்பிடுகிறதா? கூப்பிட்டால் டைரக்ட். கூப்பிடவில்லை, இன்னொன்று கூப்பிடுகிறது என்றால் இன்டைரக்ட். அது எவ்வளவு முக்கியம், யார் கஷ்டப்பட்டார்கள் என்பதெல்லாம் கேள்வியே இல்லை. நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மெஷின் போட்டுக் கொடுப்பதை அப்படியே நம்பவில்லை. முரளிதர் சார் மீட்டிங்கில் என் பெயரைச் சொன்னார். ஒருமுறைதான், ஆனால் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கான்ட்ராக்டில் இருக்கிறவர்களை முதலில் என்றார்கள். பியூலா அக்கா கான்ட்ராக்ட். வேறொரு கம்பெனி ஆளாக எங்களிடம் வந்து பல வருடமாக இருக்கிறார். கழுத்தில் தொங்குகிற அட்டைக் கயிறு எங்களுக்கு நீலம், அவருக்கு ஆரஞ்சு. பொங்கலுக்கு எங்களுக்குக் கொடுக்கிற பை அவருக்கு வராது. நான் என்னுடையதிலிருந்து ஒரு டப்பா எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

முரளிதர் சார் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். என்னைக் கூப்பிட்டபோது ஏசி ரொம்ப அதிகமாக இருந்தது, அது நினைவிருக்கிறது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஏழுமலை, நீ உன் வேலைக்கு யாரை நம்பி இருக்கே? யார் இல்லாட்டி உன் வேலை நிக்கும்?"

"தினகர் சார்."

"பியூலா?"

யோசித்துத்தான் சொன்னேன். நான் எழுதுவதைத் தினகருக்கு அனுப்புவேன். தினகர் அதைப் பியூலா அக்காவிடம் தள்ளிவிடுவார். பியூலா அக்கா பார்த்துத் திருத்தித் தினகரிடம் கொடுப்பார். தினகர் எனக்கு அனுப்புவார். ஆக, நான் கேட்பது தினகரை. தினகர் கேட்பது பியூலா அக்காவை.

"டைரக்டா இல்லை சார்" என்றேன்.

"குட். கிளியரா சொன்னே" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. வேறு யாரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், சொல்லியும் இருக்கிறார்கள். எல்லோரும் தினகர் பெயரைத்தான் சொன்னார்களாம். தினகரிடம் கேட்டதற்கு, நான் யாரையும் நம்பி இல்லை சார் என்று சொன்னாராம். லீட் ஆயிற்றே, அவர் வேறு எப்படிச் சொல்வார்?

மற்றபடி பியூலா அக்கா எனக்குச் செய்ததெல்லாம் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தது அவர்தான். நான் எழுதுகிற இங்கிலீஷ் மெயிலை அனுப்புவதற்கு முன்னால் பார்த்துத் தருவார். லேப்காரர்கள் இருக்கிற மீட்டிங்கில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டால், "ஏழுமலை சொல்ல வந்தது இதுதான்" என்று ஆரம்பித்து நான் யோசிக்காததையெல்லாம் சொல்லி முடிப்பார். ஆனால் அதெல்லாம் வேலையில் சேராது. சார் கேட்டது வேலையைப் பற்றி. கேட்டதற்குத்தானே பதில் சொல்ல முடியும்?

அது வேறு. ஸ்டிக்கருக்கு வருகிறேன்.

பெரிய ஊர் லேப்களில் எல்லாம் புது பிரிண்டர். சின்ன ஊர்க் கிளைகளில் பழசு, அதைச் செய்த கம்பெனியே இப்போது கிடையாது. ஸ்டிக்கர் அடிக்க நாங்கள் ஒரு பேக்கேஜ் கொண்டுவந்தோம். அதன் கூட இன்னொன்று வந்தது. பிரிண்டரோடு பேசுவது அந்தக் கூட வந்ததுதான். அதற்குப் பழைய பிரிண்டரின் பாஷை தெரியாது. பியூலா அக்கா என்ன செய்தார், அதை ஒரு காப்பி எடுத்து, உட்கார்ந்து சரிசெய்து, ஆபீஸில் தன் பெயரில் இருந்த அக்கவுண்டில் வைத்துவிட்டு, எங்கள் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தார். அதற்குப் பதில் இதை எடுத்துக்கொள் என்று. அவ்வளவுதான். அதன் பிறகு எல்லா ஊரிலும் ஸ்டிக்கர் வந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

என் பட்டியலில் அதை இன்டைரக்ட் என்று போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் போடுவேன். நாங்கள் எழுதியது அதைக் கூப்பிடவில்லை, இன்னொரு பேக்கேஜ்தான் கூப்பிடுகிறது. இன்டைரக்டுக்குப் பொறுப்பு யார் என்ற இடம் காலி. விதி அது. பியூலா அக்கா சேர்த்த அந்த ஒரு வரி என் கண்ணில் பட்டது. ஆனால் லேப்காரர்கள் கேட்ட கேள்வி அதுவல்ல.

அக்கா போன அன்றைக்கு எனக்கு லேப்காரர்களோடு போன் மீட்டிங் இருந்தது. காதில் ஹெட்போன். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஏதோ சொல்ல வருகிறார் என்று தெரிந்தது. விரலைக் காட்டி ஒரு நிமிஷம் என்றேன். லேப்காரர் பட்டியலைத்தான் பாராட்டிக்கொண்டிருந்தார், நடுவில் ஹெட்போனை எப்படி எடுப்பது? அக்கா நின்றுகொண்டே இருந்தார். பிறகு நாற்காலி முதுகை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார். சொல்லிவிட்டுப் போக வந்திருப்பார். மத்தியானத்துக்குள் அவருடைய அக்கவுண்டை மூடிவிட்டார்கள். அது ஐடி டிபார்ட்மெண்ட் வழக்கம், யார் போனாலும் அப்படித்தான். மூடினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்.

உடனே ஒன்றும் ஆகவில்லை அண்ணாச்சி. அதுதான் இதில் கெட்டது. எங்கள் மெஷின் ஒருமுறை எடுத்ததைக் கொஞ்ச நாள் ஞாபகம் வைத்திருக்கும். அந்த ஞாபகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இடம் போதவில்லை என்று பழசையெல்லாம் துடைத்தார்கள். அடுத்த நாள் மெஷின் அந்த வரியைப் படித்து, காப்பியைத் தேடி, கிடைக்கவில்லை என்று நின்றது. தினகர் அவசரத்தில் அந்த வரியை எடுத்துவிட்டார். எடுத்ததும், அக்கா திருத்தாத பழைய பேக்கேஜே உள்ளே வந்து ஓடியது. எல்லாம் சரி என்று பச்சை விளக்கு. எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

காலையில் சின்ன ஊர்க் கிளை எதிலும் ஸ்டிக்கர் இல்லை. அங்கே இருக்கிற பெண்கள் பிளாஸ்டர் ஒட்டிப் பேனாவால் பெயர் எழுதியிருக்கிறார்கள். ஓர் ஊரில் ஒரே பெயரில் இரண்டு லட்சுமி. ஒரு லட்சுமிக்குச் சர்க்கரை, இன்னொரு லட்சுமிக்கு இல்லை. ரிசல்ட் மாறிப் போய்விட்டது. கண்டுபிடித்துவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லேப்காரர்கள் திங்கட்கிழமை கெடு வைத்துவிட்டார்கள். சரியாகாவிட்டால் எங்களை நிறுத்திவிடுவார்களாம்.

தினகர் அந்தப் பேக்கேஜை உட்கார்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பிரிண்டருக்குப் போகிற ஒவ்வொரு எழுத்தையும் எப்படி அனுப்புவது என்று அதில் இருக்க வேண்டும். அக்கா எப்படிக் கண்டுபிடித்தார் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் தினகர் முரளிதர் சாரிடம், "லிஸ்ட் போட்டது ஏழுமலைதான் சார், ஓனர் யாருன்னு அவன்தான் காலியா விட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டார். நான் விதியை எடுத்துக் காட்டினேன். சார் படிக்கவில்லை. எனக்கு அதுதான் குறை அண்ணாச்சி. என்னை அனுப்பினாலும் பரவாயில்லை, பட்டியல் சரி என்று ஒருவர் சொல்லியிருக்கலாம்.

சார் அக்காவுக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. அவரை அனுப்பிய கம்பெனியைக் கேட்டால், இப்போது எங்கள் ஆளே இல்லை என்றார்கள். அங்கேயும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அப்போதுதான் சார் என்னைக் கூப்பிட்டு, "நீ நேர்ல போ. உன்கிட்ட அவளுக்கு ஒரு பாசம் உண்டு" என்றார். அக்காவுடைய சொந்த லேப்டாப்பில் ஒரு காப்பி இருக்கும், வாங்கிக்கொண்டு வா என்றார். வேலை பற்றிப் பேச்சு வந்தால் பிடி கொடுக்காதே என்றும் சொன்னார்.

திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லை அண்ணாச்சி. கேட்கலாம் என்று நினைத்தேன். புரொபேஷனில் இருக்கிறவன் இன்னொருவருக்காக எப்படிக் கேட்பது? ஏற்கெனவே ஒருமுறை எனக்கு நீட்டித்திருக்கிறார்கள்.

நான் போன் செய்தபோது அக்காவின் அம்மா எடுத்தார். ஆபீஸிலிருந்து என்றதும் அவர் குரல் மாறிவிட்டது.

"கோயம்புத்தூர் ஆபீஸா? அவங்களே அனுப்புதாங்களா தம்பி?"

"ஆமாம்மா. முரளிதர் சார்தான் அனுப்பறார். அக்காகிட்ட ஒரு வேலை இருக்கு."

"ஸ்தோத்திரம். நான் சொன்னேன், கூப்பிடுவாங்கன்னு சொன்னேன். இவதான் நம்பல. என்னிக்கு வாறீங்க?"

"சனிக்கிழமைம்மா. வந்துட்டு அன்னிக்கு சாயங்காலமே திரும்பணும்."

"அன்னிக்கேவா? சரி தம்பி, சரி. அவள ரெடியா இருக்கச் சொல்லுதேன்."

காப்பியை எடுத்து ரெடியாக வைக்கச் சொல்வார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ். 'நன்றி ஏழு. நீதான் பேசியிருப்பேன்னு தெரியும். பஸ் ஸ்டாண்டுக்கே வந்துடுதேன்.' எனக்கு ஏன் நன்றி என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று பதில் எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். சரி அக்கா என்று மட்டும் அனுப்பினேன்.

ஏன் அண்ணாச்சி அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. சார் அனுப்புகிறார் என்றேன், அனுப்பினார். வேலை இருக்கிறது என்றேன், இருக்கிறது. வேலை உண்டா என்று அக்கா நேராகக் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவேன். மறைக்க மாட்டேன். ஆனால் முதலில் காப்பியை வாங்கிவிட வேண்டும். அதற்கு முன்னால் அவராகக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்றுதான் மதுரையிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். யோசனை ஓடவில்லை.

என்ன சொன்னீர்கள்? நல்ல பிள்ளையா? எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் அண்ணாச்சி. எங்கள் ஊரிலும் சொல்வார்கள்.

இதுவா நாசரேத்? வந்துவிட்டதா? சரி. சரி. நீங்கள் பையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதோ, அந்தக் கடை ஓரத்தில் நிற்பதுதான் பியூலா அக்கா. இளைத்துவிட்டார். பக்கத்தில் இருப்பது அம்மாவாக இருக்கும். அம்மா கையில் டிபன் கேரியர். அக்கா ஆபீஸுக்கு வருவது போலவே உடுத்தியிருக்கிறார் பாருங்கள், தலையெல்லாம் படிய வாரி. தோளில் லேப்டாப் பை இருக்கிறது, கொண்டுவந்துவிட்டார். ஆனால் காலடியில் அது என்ன? இரண்டு பெட்டி. மேலே பாய் வேறு சுருட்டிக் கட்டியிருக்கிறது. பக்கெட்கூட இருக்கிறது. எங்கே கிளம்புகிறார்கள்?

ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கிறார். இன்னும் என்னைப் பார்க்கவில்லை.

இல்லை, நீங்கள் முதலில் இறங்குங்கள் அண்ணாச்சி. எனக்கு அவசரமில்லை. கொஞ்சம் குனிந்துகொள்கிறேன், கால் மரத்துவிட்டது. இறங்குவதற்கு முன்னால் கண்டக்டரிடம் ஒன்று கேட்டுச் சொல்கிறீர்களா? இந்த வண்டி இதோடு நின்றுவிடுமா, இன்னும் மேலே போகுமா?